விளக்கு அணைந்தது, வால்வு மூடவில்லை

தொழிற்சாலை விபத்துச் செய்திகளில் அடிக்கடி ஒரு வரி வரும். "ஊழியரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது." இரண்டாம் கட்டத்தில் என்ன தெரியவந்தது என்பது பெரும்பாலும் செய்தியாவதில்லை. இந்த வரிக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. அதைத் தேடிப் போனபோது எடுத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

தொழிலகப் பாதுகாப்பு இன்று முதுநிலைப் படிப்பாகவே இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் எம்.டெக். உண்டு, அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் சிலவற்றில் எம்.இ. உண்டு. இந்தத் துறையின் புத்தகங்களைப் புரட்டினால் முன்பக்கங்களிலேயே ஹெய்ன்ரிச் வந்துவிடுவார். கொஞ்சம் தள்ளி 'ஹ்யூமன் ஃபேக்டர்ஸ்' என்று ஒரு பகுதி வரும். மனிதக் காரணிகள் என்று தமிழில் சொல்கிறார்கள். மனிதனின் கண், கை, நினைவு, களைப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து இயந்திரத்தை அமைப்பது பற்றிய இயல். ஒரே அட்டைக்குள் இருந்தாலும் இந்த இரண்டு பகுதிகளும் ஒன்றோடொன்று சண்டை போடுபவை. வரலாற்றைப் படித்தால்தான் அது தெரிகிறது.

முதலில் ஹெய்ன்ரிச். அமெரிக்காவில் டிராவலர்ஸ் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1931-ல் தொழிலக விபத்துத் தடுப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சுமார் 75,000 விபத்துப் பதிவுகளைப் பார்த்து அவர் சொன்ன கணக்கு இது: 88 சதவீதம் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலால், 10 சதவீதம் இயந்திரம், சூழல் ஆகியவற்றின் கோளாறால், மீதி 2 சதவீதம் தவிர்க்க முடியாதவை. இந்த 88 அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்விட்டது. இன்றும் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் ஸ்லைடில் வருகிறது.

டேட்டாவோடு பழகியவர்களுக்கு உடனே ஒரு கேள்வி எழும். மூலப் பதிவுகளை எழுதியது யார்? கணிசமானவை இழப்பீட்டுக் கோப்புகளும் ஆலை முதலாளிகள் தந்த பதிவுகளும்தான். மேற்பார்வையாளர் எழுதும் அறிக்கையில் 'நான் கொடுத்த இயந்திரம் மோசம்' என்று எழுதுவாரா, 'அவன் கையை விட்டான்' என்று எழுதுவாரா? போதாததற்கு, செயலும் சூழலும் சேர்ந்து நடந்த விபத்தைக்கூட ஏதோ ஒரு பெட்டியில் போட்டாக வேண்டும். அந்த மூலக் கோப்புகள் பிற்கால ஆய்வாளர்கள் யாருக்கும் கிடைக்கவில்லை. ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இயந்திரத்துக்குத் தடுப்பு போடு என்று சத்தமாகச் சொன்னவர்களில் ஹெய்ன்ரிச்சும் ஒருவர். ஆனால் நிர்வாகங்கள் கையில் எடுத்துக்கொண்டது தடுப்பை அல்ல, 88-ஐ.

அடுத்தது இரண்டாம் உலகப் போர். பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று வயிறு தரையில் உரச உட்கார்ந்துவிடும். விமானி இறக்கை மடிப்புகளை மேலே இழுப்பதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கியிருப்பார். கோப்பில் 'விமானி தவறு' என்று எழுதி மூடிவிடலாம். மூடவும் செய்தார்கள்.

ஓஹையோ மாநிலத்தின் ரைட் ஃபீல்ட் விமானத் தளத்தில் ஆல்ஃபான்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் இருந்தார். அவர் விமானிகளின் மனதை ஆராயப் போகவில்லை, காக்பிட்டைப் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கும் மடிப்புக்கும் ஒரே மாதிரி இரண்டு ஸ்விட்ச்கள், பக்கத்தில் பக்கத்தில்! சி-47 விமானத்தில் இவை இரண்டையும் இயக்கும் விதமே வேறு வேறு. அங்கே இந்தப் பிரச்சினை தலைதூக்கவில்லை. அதே ஊரில் பயிற்சி பெற்ற விமானிகள், அதே போர், அதே தூக்கமின்மை. மாறியது கைப்பிடி மட்டும்தான்.

அவர் செய்த வைத்தியம் ரொம்பச் சாதாரணம். சக்கர லீவரின் நுனியில் சின்னதாக ஒரு ரப்பர் சக்கரம், மடிப்பு லீவரின் நுனியில் ஆப்பு வடிவில் ஒரு துண்டு. இருட்டில் தொட்டாலே தெரிந்துவிடும். இன்று அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் இந்த வடிவங்கள் படத்தோடு இருக்கின்றன. அடுத்த முறை காக்பிட் புகைப்படம் கண்ணில் பட்டால் சக்கர வடிவக் குமிழைத் தேடிப் பாருங்கள்.

போர் முடிந்ததும் 1947-ல் பால் ஃபிட்ஸும் ஜோன்ஸும் விமானிகளிடமிருந்து 460 அனுபவங்களைச் சேகரித்து ஓர் அறிக்கை எழுதினார்கள். அவற்றில் ஏறக்குறைய பாதி, ஒரு கருவிக்குப் பதில் இன்னொன்றை இயக்கிய சம்பவங்கள். அறிக்கையின் தலைப்பில் 'பைலட் எரர்' என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறார்கள். எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த நிறுத்தற்குறி அதுதான். 1949-ல் பிரிட்டனிலும் 1957-ல் அமெரிக்காவிலும் இதற்கென்றே சங்கங்கள் தொடங்கின. துறை பிறந்துவிட்டது.

பிறந்த துறையின் பேச்சு எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்ததா என்றால், இல்லை. 1979 மார்ச் 28, பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம், இரண்டாவது யூனிட், அதிகாலை 4 மணி. நீர் செலுத்தும் பம்புகள் நின்றன, அழுத்தம் ஏறியது, அதைக் குறைக்க ஒரு வால்வு தானாகத் திறந்தது, அணு உலையும் தானாக நின்றது. இதுவரை எல்லாம் சரி. அழுத்தம் இறங்கியதும் அந்த வால்வு மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்தது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்றுதான் அங்கே இருந்த எல்லாருக்கும் அர்த்தம்.

அந்த விளக்கு உண்மையில் காட்டியது வால்வின் நிலையை அல்ல, வால்வுக்குப் போகும் மின்சாரத்தை. அதாவது 'மூடு என்று சொல்லியாகிவிட்டது' என்பதைத்தான் அது சொன்னது. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் விழுந்ததைப் பார்த்துவிட்டு 'படித்துவிட்டார்' என்று நினைத்துக்கொள்வது மாதிரி. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தத் தப்பு ரத்தத்தில் ஊறியது. கட்டளை அனுப்பியதற்கும் காரியம் நடந்ததற்கும் ஒரே பச்சை நிறத்தைக் கொடுத்த ஸ்கிரீன்கள் எத்தனை பார்த்திருக்கிறோம்!

திறந்த வால்வு வழியாகத் தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. அழுத்தக் கலத்தின் நீர்மட்டமோ ஏறுவதாகக் காட்டியது. உலைக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நேரடியாகக் காட்டும் கருவி கிடையாது. கலம் முழுக்க நீர் நிறைந்துவிடக் கூடாது என்பது ஆபரேட்டர்களுக்குப் பயிற்சியில் அழுத்திச் சொல்லப்பட்ட விஷயம். எனவே அவசர நீரைக் குறைத்தார்கள். தாகத்தில் தவிக்கிற உலைக்குத் தண்ணீரைக் குறைத்தார்கள்! பார்த்தால் பைத்தியக்காரத்தனம். அவர்கள் முன்னால் இருந்த முட்களையும் அவர்கள் கற்ற பாடத்தையும் சேர்த்துப் பார்த்தால் அதுதான் சரியான முடிவு.

வால்வை ஒட்டிய குழாயின் வெப்பநிலை உயர்ந்து காட்டியது. ஆனால் அந்த வால்வு ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்ததால் அது எப்போதுமே சூடாகத்தான் இருக்கும். சூடு புதுச் செய்தியாகத் தெரியவில்லை. உண்மையைக் காட்டியிருக்கக்கூடிய இன்னொரு மீட்டர் கட்டுப்பாட்டுப் பலகையின் பின்பக்கம் இருந்தது. ஆரம்ப நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் அடித்தன. அவற்றைக் காகிதத்தில் அச்சிட்ட பிரிண்டர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கிப்போனது. சுமார் 2 மணி 20 நிமிடம் கழித்து, ஷிப்டுக்குப் புதிதாக வந்த ஒருவர் சந்தேகப்பட்டுத் தொடர் வால்வை மூடினார். அதற்குள் உலையின் உட்பகுதி வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. ஏறக்குறைய பாதி எரிபொருள் உருகியிருந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

இதில் என்னைத் தூங்கவிடாத விவரம் இன்னொன்று. 1977 செப்டம்பரில் ஓஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதே சம்பவம், இதே கம்பெனி கட்டிய உலையில், இதே வகை வால்வில் நடந்திருந்தது. அங்கே உலை மிகக் குறைந்த சக்தியில் ஓடியது, சுமார் 20 நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள், தப்பித்தார்கள். கம்பெனிக்குள்ளேயே இது பற்றிக் கடிதங்கள் எழுதப்பட்டன. எச்சரிக்கை மட்டும் த்ரீ மைல் ஐலண்டின் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேரவில்லை. இப்போது சொல்லுங்கள், தவறு எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருடையது?

விசாரணைக் குழுவின் தலைவராக ஜனாதிபதி கார்ட்டர் நியமித்தவர் ஜான் கெமெனி. பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1964-ல் தாமஸ் கர்ட்ஸுடன் சேர்ந்து பேசிக் மொழியை உருவாக்கிய அதே கணிதப் பேராசிரியர். கம்ப்யூட்டர் படிக்காதவனும் ப்ரோகிராம் எழுத முடிய வேண்டும் என்று நினைத்தவரிடம் இந்த வேலை போனது எனக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது. 1979 அக்டோபரில் வந்த அந்த அறிக்கை ஆபரேட்டர்கள் செய்தது சரி என்று பூசி மெழுகவில்லை. அவர்களின் செயல்தான் சம்பவத்தை மோசமாக்கியது என்று சொல்லிவிட்டு, அப்படிச் செய்ய வைத்தவற்றை வரிசையாக எடுத்தது: பயிற்சி, குழப்பமான செயல்முறைக் குறிப்புகள், கட்டுப்பாட்டு அறையின் அமைப்பு, முந்தைய சம்பவத்திலிருந்து பாடம் எடுக்காத நிர்வாகம், ஒழுங்குமுறை ஆணையம்.

அதன்பிறகு அமெரிக்க அணுமின் நிலையங்களில் கட்டுப்பாட்டு அறைகளை மனிதக் காரணிகளின் பார்வையில் மறுஆய்வு செய்யச் சொன்னார்கள். வால்வு உண்மையிலேயே எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் அறிகுறி கட்டாயமானது. ஃபிட்ஸ் மேற்கோள் குறி போட்டு அப்போது 32 வருஷம் ஆகியிருந்தது.

டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தில் இருந்த யென்ஸ் ராஸ்முசன் ஆபரேட்டர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை இதே காலத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம். இப்போதைக்கு அவருடைய 1983 கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.