'இழி' என்னும் வினை: ஒரு பொருள் வரலாறு

சொற்பொருள் மாற்றத்தைக் கற்பிக்கும் நூல்கள் இழிபொருட்பேறு என்னும் தலைப்பின்கீழ் 'நாற்றம்' என்னும் சொல்லைத் தவறாது எடுத்துக்காட்டும். பண்டு நன்மணத்துக்கும் உரியதாயிருந்த அச்சொல் இன்று தீநாற்றம் ஒன்றையே குறிக்கிறது என்பது யாவரும் அறிந்தது. ஆயின் அத்தலைப்பின் முதலிலேயே நிற்கும் 'இழி' என்னும் வினைக்கும் ஒரு வரலாறு உண்டு. இறங்குதற்பொருளில் வழங்கிய அவ்வினை இன்று இகழ்ச்சிப் பொருளில் மட்டும் வழங்குதலின், அதனையும் நாற்றத்தோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் மாணவர்க்கு இயல்பு. யாம் அவ்வாறு கருதவில்லை. இழி என்பது பொருளால் தாழ்ந்த சொல் அன்று. தனக்குரிய நிலத்தின் பெரும்பகுதியைப் பிறிதொரு வினைக்கு விட்டுக்கொடுத்து எஞ்சிய மூலையில் நிற்கும் சொல் ஆகும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இவ்வினைக்கு இறங்குதலையே முதற்பொருளாகத் தருகிறது. தன்வினையாயின் இழிந்தான் எனவும், பிறவினையாயின் இழித்தான் எனவும் வரும். இழிச்சு என்னும் பிறவினை வடிவமும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதற்பொருள் எத்துணை இயல்பாக வழங்கியது என்பதற்கு அகநானூற்று 384-ஆம் பாட்டினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அப்பாட்டில் வினைமுடித்து மீளும் தலைவன், தேர் வந்த விரைவைக் கண்டு மருள்கிறான். தான் தேரில் ஏறியதை அறிந்தானேயன்றி வந்த வழியை அறிந்திலன். வீட்டின்முன் தேரை நிறுத்திய பாகன் அவனை நோக்கிக் கூறும் சொல் 'இழிமின்' என்பது. ஏவல் கேட்கும் பாகன் தன் தலைவனைப் பன்மை ஏவலால் சிறப்பித்துக் கூறுமிடத்து இவ்வினையை ஆள்கின்றான் எனின், இதன்கண் இகழ்ச்சியின் நிழலும் அக்காலத்துப் படிந்திருக்க இயலாது. திருமுருகாற்றுப்படையின் இறுதியில் பழமுதிர்சோலை மலையின் அருவி இறங்குவதையும் இவ்வினையே உரைக்கின்றது. முருகன் உறையும் மலையைப் புகழும் இடம் அது.

திருக்குறளில் நிலைமை சற்று நுணுகி நோக்கத்தக்கது. மருந்து அதிகாரத்து 946-ஆம் குறளில் 'இழிவு' என்னும் பெயர் உணவின் அளவுக் குறைவைச் சுட்டுகிறது; பரிமேலழகர் குறைதல் என்றே உரை காண்பர். இன்றைய வழக்கை உளத்துட்கொண்டு படிப்போன் இவ்விடத்து இடறுவான். மானம் அதிகாரத்து 964-ஆம் குறளிலோ ஒரே வினை இருமுறை வருகிறது: தலையினின்று உதிர்ந்த மயிருக்கு ஒருமுறை, தம் நிலையினின்று வழுவிய மாந்தர்க்கு ஒருமுறை. முன்னது கண்ணாற் காணும் இறக்கம். பின்னது மதிப்பின் இறக்கம். இரண்டையும் ஒரு வினை தாங்குதலாலேயே உவமை பொருந்துகிறது. பரிமேலழகர் உரையெழுதுங்கால் மயிருக்கு 'வீழ்' என்றும் மாந்தர்க்கு 'தாழ்' என்றும் வேறு வேறு வினைகளைப் பெய்தனர். மூலத்தில் ஒன்றாயிருந்தது உரையில் இரண்டாயிற்று. இஃது உரையாசிரியர் தெளிவு கருதிச் செய்ததாகவும் இருக்கலாம். எனினும் அவர் காலத்து ஒரு சொல்லாலே இரண்டையும் உணர்த்துதல் முன்போல் எளிதாயிருந்ததில்லை என்பதற்குரிய குறிப்பாகவே யாம் அதனைக் கொள்கிறோம்.

அஃதேல், வீழ்ச்சி இடைக்காலத்திலேயே நேர்ந்தது எனக் கூறலாமோ எனின், கூறலாகாது. 13-ஆம் நூற்றாண்டு வைணவ உரைநடை அதற்குத் தடையாய் நிற்கிறது. நம்பிள்ளையின் விரிவுரையை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படியில் ஒன்றனுள் இறங்கி ஈடுபடுதல் என்னும் பொருளில் இவ்வினை பெருவழக்காய் வருகின்றது. ஆழ்வார் பகவத் குணங்களைப் பேச இழிதல், அநுபவிக்க இழிதல் என்னும் முறையில் உரைகாரர் எழுதிச் செல்வர். நீர்த்துறையில் இறங்குவோன் நிலையே அவர்தம் உள்ளத்து நின்றது போலும். இறைவனே இறங்கிவருவதைப் பெருமையாகப் போற்றும் ஒரு நெறியினர்க்கு இறங்குதலைக் குறிக்கும் சொல் இழுக்காகத் தோன்றாமை வியப்பன்று.

கல்வெட்டு வழக்கோ இன்னும் சுவையுடையது. சோழர் காலத்துச் சாசனங்களில் 'இறையிழிச்சி' என்னும் தொடர் காணப்படும். ஊர்ச்சபையார் கொடையாளியிடம் ஒருங்கே பொருள் பெற்றுக்கொண்டு, கோயிலுக்குரிய நிலத்தின்மீதுள்ள வரியை நீக்கிக் கொடுத்தமையை அது குறிக்கும். சுமந்தோன் தலையினின்று சுமையை இறக்குதல் போல நிலத்தின் தலையினின்று இறையை இறக்கினர். இங்கே இழிச்சுதலால் நிலம் சிறுமையுறவில்லை, பேறு பெற்றது.

இனி, நிலத்தை விட்டுக்கொடுத்தது எவ்வாறு என நோக்குவோம். இழியின் இடத்தை இன்று முழுதும் கைக்கொண்டிருப்பது 'இறங்கு' என்னும் வினை. சங்கப் பாட்டுகளில் அது முற்றிய கதிர் தலைசாய்ந்து தாழ்வதைச் சொல்லும். காலப்போக்கில் தேரினின்றும் படியினின்றும் இறங்குவாரெல்லாம் அவ்வினைக்கு உரியராயினர். ஒரு பொருளுக்கு இரு சொற்கள் நிற்குமிடத்து ஒன்று மெல்ல ஒதுங்குவது மொழியியல்பு. ஒதுங்கிய இழிக்கு எஞ்சியது மதிப்பின் இறக்கம் ஒன்றே.

இக்கருத்துக்குக் கன்னடம் துணைசெய்கிறது. பழங்கன்னடத்தில் 'இழி' என நின்ற இவ்வினை, அம்மொழியில் ழகரம் வழக்கொழிந்தபின் 'இளி' என்றாயிற்று. இன்றும் பேருந்தினின்று இறங்குவார்க்கு அங்கே இதுவே சொல். மேடுபள்ளத்தையும் விலையின் ஏற்ற இறக்கத்தையும் 'ஏரிளித' என்பர். தமிழில் 'இறங்கு' செய்ததைக் கன்னடத்தில் வேறு வினை செய்யாமையின், இழி அங்கே தன் பழைய நிலத்திலேயே வாழ்கிறது. தமிழில் இகழ்ச்சியைக் குறிக்கும் 'இளி' என்னும் தனிச்சொல் அருகில் இருந்ததும் (மெய்ப்பாட்டியல் கூறும் இளிவரலுக்கு உரைகாரர் இழிபு எனப் பொருள் எழுதுவர்) இழியை அப்பக்கம் ஈர்த்திருக்கலாம் என்பது எம் கருத்து. அதனைத் துணிபாகக் கூற முற்படவில்லை.

இதுகாறும் கூறியதைக் கொண்டு ஒரு தவறான முடிவுக்குச் செல்லாதவாறு காத்தல் வேண்டும். பழைய இலக்கியத்தில் இழி என்பது வெறும் இறக்கமே, ஆதலால் 'இழிசினன்' என்பதும் இகழ்ச்சியற்ற பெயரே எனச் சிலர் கூறக் கேட்டுள்ளோம். பழமைக்குப் பெருமை தேடும் ஆர்வத்தால் எழுந்த உரை இது. தொல்காப்பிய எச்சவியலில் 'ஈ' என்னும் சொல்லைக் கூறுதற்குரிய இழிந்தோன், ஒப்போனுக்கும் உயர்ந்தோனுக்கும் இணையாக நிறுத்தப்படுகின்றான். கொடுப்போனை நோக்க அவன் தாழ்ந்தவன். வேறொருவனை நோக்க உயர்ந்தவனாகவும் கூடும். அது படிநிலையைச் சுட்டும் ஒப்பீட்டுச் சொல். இழிசினன் அத்தகையதன்று. எவனோடும் ஒப்பிடாமல், அவன் செய்யும் தொழிலைச் சொன்ன அளவிலேயே அவனுக்குரிய பெயராக அது வந்துவிடுகிறது. புறநானூற்றில் கழாத்தலையாரின் 289-ஆம் பாட்டில் தண்ணுமை முழக்குவோன் இப்பெயர் பெறுகின்றான். சாத்தந்தையாரின் 287-ஆம் பாட்டிலோ துடி அறைவோனைப் புலையன் என்றும் கோல்கொண்டு முழக்குவோனை இழிசினன் என்றும் அடுத்தடுத்து விளிக்கக் காண்கிறோம். மதிப்பின் இறக்கம் சிலர்மேல் நிலையாக ஏற்றப்பட்டமை சங்க காலத்திலேயே உண்டு; பிற்காலத்தார் மேல் அப்பழியைச் சுமத்தி முன்னோரை விடுவித்தற்கு இச்சொல் இடந்தரவில்லை.

அதே சாத்தந்தையார் பாடிய 82-ஆம் பாட்டு இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது. ஊரில் விழா நெருங்கிவிட்டது, மனைவி மகப்பேற்றில் இருக்கிறாள், மழை பெய்கிறது, கதிரவனும் மறைகிறான். கட்டில் பின்னுகின்ற ஒருவன் இவற்றிடையே ஊசியை விரைந்து செலுத்துகிறான். போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போர் செய்த விரைவுக்கு அவன் கையின் விரைவே உவமை. அவனுக்குப் புலவர் தரும் பெயர் இழிசினன் என்பது. அரசனின் ஆற்றலை அளக்க அவன் கைத்திறனைக் கருவியாகக் கொண்ட புலவர், அவனை அழைக்க வேறு பெயர் கொண்டாரல்லர்.