மகனுக்குக் கல் சமைத்த அன்னை

யுத்தத்தில் மாண்டோருக்கு ஞாபகச் சின்னம் எழுப்பாத தேசம் மிகச் சிலவே. குதிரைமீது வீற்றிருக்கும் தளபதி, உருவிய வாள், இறகு முளைத்த வெற்றித் தேவதை, அடியிலே பொன்னெழுத்தில் நாலு வரிப் புகழ்மொழி. எந்நகருக்குச் சென்றாலும் இவற்றையே காண்கிறோம். இவற்றை நாட்டுவோர் பெரும்பாலும் அரசாங்கத்தாரே. மகனைப் பறிகொடுத்தவளே கல் சமைத்தால் அது எவ்வாறு இருக்கும் என்று அறிய விரும்புவோர், பெல்ஜியம் தேசத்தில் விளாட்ஸ்லோ என்னும் சிற்றூரிலுள்ள ஜெர்மானியப் போர்வீரர் இடுகாட்டை நோக்குதல் வேண்டும். அங்கே ஒரு தந்தையும் ஒரு தாயும் கல்லுருவில் மண்டியிட்டிருக்கின்றனர். அவ்வுருவங்களை ஆக்கியவர் கேத்தே கொல்விட்ஸ் அம்மையார்.

1867-ல் பிறந்த இவ்வம்மையார், பெர்லினில் ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதியில் வைத்தியம் செய்துவந்த கார்ல் கொல்விட்ஸ் என்பாரை 1891-ல் மணந்தார். கணவரிடம் மருந்துக்கு வந்த கூலிப் பெண்டிரே இவருடைய சித்திரங்களுக்குப் பொருளாயினர். நெசவாளர் கிளர்ச்சியைக் குறித்து இவர் ஆக்கிய படவரிசைக்குப் பதக்கம் வழங்குமாறு 1898-ல் நடுவர்கள் பரிந்துரைத்தபோது, சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் இணங்க மறுத்துவிட்டார். பட்டினி கிடப்போரைப் பட்டினி கிடப்போராகவே வரைந்தால் மன்னர்களுக்குப் பிடிப்பதில்லை.

1914 ஆகஸ்டில் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. பாதிரிமாரும் பேராசிரியரும் கவிஞரும் ஒரே குரலில் வாலிபர்களைப் போருக்கு அழைத்தனர். அம்மையாரின் இளைய மகன் பீட்டருக்கு அப்போது வயது 18. தந்தையின் சம்மதமின்றி அவன் படையிற் சேர இயலாது. தந்தையோ மறுத்தார். மகனுக்காகக் கணவரிடம் மன்றாடிச் சம்மதம் பெற்றுக் கொடுத்தவர் தாயே. அக்டோபர் மாதம் போர்முனைக்குச் சென்ற பீட்டர், அம்மாதம் 22-ந் தேதி இரவு பெல்ஜியத்தில் மாண்டான்.

கணவனைப் போரில் இழந்த பின்னும் ஒரே மகன் கையில் வேல் கொடுத்தனுப்பிய புறநானூற்றுத் தாயை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். அம்மகன் திரும்பி வந்தானா, வாராதபோது அவள் என்ன செய்தாள் என்று பாடல் சொல்லவில்லை, நாமும் கேட்டதில்லை. கொல்விட்ஸ் அம்மையாரின் பெரும்பணி அவ்விடத்திலேதான் தொடங்குகிறது.

அவ்வாண்டு டிசம்பரிலேயே மகனுக்கு ஒரு சின்னம் அமைக்க அவர் உறுதி பூண்டார். நீட்டிக் கிடத்திய மகனுரு, தலைமாட்டில் தந்தை, கால்மாட்டில் தாய். இதுவே முதலில் அவர் கருதிய அமைப்பு. பல ஆண்டுகள் உழைத்தும் அது கைகூடவில்லை. 1919-ல் அதைக் கைவிட்டார். கைத்திறன் போதாமையே இதற்குக் காரணம் என்று யான் நினைக்கவில்லை. தாய்நாட்டுக்காக உயிர் ஈந்தான் என்ற எண்ணத்தோடு தொடங்கிய வேலை அது. அவ்வெண்ணமோ ஆண்டுக்கு ஆண்டு அவருள்ளத்தில் தேய்ந்து வந்தது. 1918 அக்டோபரில், தோல்வி நிச்சயமான பின்னரும் மீண்டும் தொண்டர் படை திரட்டவேண்டுமென்று ரிச்சர்ட் டேமல் என்ற கவிஞர் அறைகூவியபோது, அம்மையார் பத்திரிகையில் பகிரங்கமாக மறுப்பு எழுதினார். விதைக்கென வைத்த தானியத்தை அரைத்துவிடலாகாது என்பது அவர் வாதம். விதைநெல்லின் அருமை அறிந்த நம்மவர்க்கு இதை விளக்கவேண்டுவதில்லை.

பின்னர் 1920-களின் நடுவில் வேலையை மீண்டும் எடுத்தார். 1926-ல் கணவரோடு பெல்ஜியம் சென்று மகனின் புதைகுழியைக் கண்டார். இப்போது மகனுரு நீங்கிற்று. பெற்றோர் மட்டுமே எஞ்சினர். 1932 ஜூலையில் அவ்விரு சிலைகளும் ரோகெவெல்டெ என்னும் இடுகாட்டில் நிறுவப்பட்டன. மகன் மாண்டு ஏறக்குறைய 18 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவன் உயிரோடிருந்த காலமும் அவ்வளவே.

தந்தை முதுகை நிமிர்த்தி, இரு கைகளாலும் தன்னுடலைத்தானே இறுக்கிக்கொண்டு மண்டியிட்டிருக்கிறார். தாய் குனிந்து சுருண்டிருக்கிறாள். இருவரும் தனித்தனிப் பீடத்திலிருக்கின்றனர். ஒருவரையொருவர் தொடவில்லை, நோக்கவுமில்லை. தந்தையின் முகம் கார்லின் சாயல். தாயின் முகம் அம்மையாரின் முகமே. கொடியில்லை, வாளில்லை, சிலுவையுமில்லை, வானுலகுக்கு வழிகாட்டும் தேவதூதனுமில்லை. வீரசுவர்க்கம் என்ற பேச்சே அக்கல்லில் இடம் பெறவில்லை. பெற்றோர் காலில் பிள்ளைகள் விழுவது நம் வழக்கம். இங்கே பிள்ளைகளின் குழிமுன் பெற்றோர் மண்டியிடுகின்றனர். சம்மதம் கேட்டுக் கணவரிடம் மன்றாடிய தாய், தன் முகத்தையே அக்கல்லில் வைத்தார் என்பதை வாசகர்கள் கருதிப் பார்க்கவேண்டும்.

அடுத்த ஆண்டே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். தொழிலாளர் கட்சிகள் ஒன்றுபட்டு அவரைத் தடுக்கவேண்டுமென்ற அறிக்கையில் கையொப்பமிட்டமைக்காக, அம்மையார் பிரஷ்யக் கலைக் கழகத்தினின்று விலக நேரிட்டது. மூத்த மகன் தன் பிள்ளைக்குத் தம்பியின் பெயரையே இட்டிருந்தான். அந்தப் பேரன் பீட்டரும் 1942-ல் ருஷியப் போர்முனையில் மாண்டான். அக்காலத்தில் அவர் வரைந்த கற்பதிவுச் சித்திரத்தில், ஒரு கிழவி தன் மேலாடைக்குள் பிள்ளைகளைப் பொத்தி வைத்திருக்கிறாள். விதைத் தானியத்தை அரைக்கலாகாது என்பதே அதன் பெயர். 1945 ஏப்ரல் 22-ல், யுத்தம் முடிய இரண்டு வாரமே இருக்கையில், அம்மையார் காலமானார்.

மகனை மடியிலேந்திய தாயாக அவர் சமைத்த சிற்றுருவமொன்றை ஜெர்மானிய அரசாங்கம் பன்மடங்கு பெரிதாக்கி, 1993-ல் பெர்லின் நடுவே தேசியச் சின்னமாக நிறுவிற்று. போருக்கும் கொடுங்கோன்மைக்கும் இரையான அனைவர்க்கும் அது பொது என்றனர். கொன்றவர்க்கும் கொலையுண்டவர்க்கும் ஒரே தாயை அழவைக்கலாமோ என்று அந்நாட்டிலேயே பலர் எதிர்த்தனர். அவர்கள் கேட்டதில் நியாயமுண்டு. ஒரு தாய் தன் பொருட்டு அழுத அழுகையை அரசாங்கம் எடுத்தாளும்போது அதன் பொருள் திரிந்துவிடுகிறது.

விளாட்ஸ்லோச் சிலைகளுக்கு அக்கதி நேரவில்லை. 1950-களில் சிறு இடுகாடுகளை ஒன்றுசேர்த்தபோது, வீரர்களின் எலும்புகளோடு அவையும் ரோகெவெல்டெயினின்று அங்கே கொண்டுவரப்பட்டன. 25,000-க்கு மேற்பட்டோர் அங்கே புதைக்கப்பட்டுள்ளனர். தரையோடு பதித்த கற்களில், கல்லுக்கு இருபது பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பீட்டர் கொல்விட்ஸின் பெயருள்ள கல் தந்தையுருவத்தின் எதிரில் இருக்கிறது. அவனோடு இன்னும் பத்தொன்பது பேர்.