டயருக்குள் அடைபட்ட நீர்: டிராக்டர் எடையின் வரலாறு

பசுமைப் புரட்சியைப் பற்றிய வரலாறுகளில் நீருக்கு உறுதியான இடமுண்டு. கால்வாய், ஆழ்துளைக் கிணறு, பம்ப்செட், சரியும் நிலத்தடி நீர்மட்டம் ஆகிய அனைத்தும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அதே வயல்களில் பயிருக்குப் பாயாமல், டிராக்டரின் பின்சக்கர டயர்களுக்குள் அடைபட்டு உழைத்த நீர் மட்டும் ஆய்வாளர் கவனத்தை அரிதாகவே பெற்றிருக்கிறது. அந்த நீர் ஏன் அங்கே சென்றது என்னும் கேள்வி இயந்திர நுட்பத்தைப் பற்றியது மட்டுமன்று. மண்ணுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான உறவு எவ்வாறு மாறியது என்பதையும் அது உணர்த்தும்.

தொடக்ககால டிராக்டர்களுக்கு எடை ஒரு குறையாக இருந்ததில்லை. அவற்றின் சக்கரங்கள் இரும்பாலானவை. விளிம்பில் பொருத்தப்பட்ட இரும்புப் பற்கள் மண்ணைக் குத்திப் பிடித்து வண்டியை முன்செலுத்தின. பிடிப்பு இருந்தது, வேகம் இல்லை. சாலையில் ஏறினால் சாலையே பெயர்ந்தது. 1932ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் தன் ‘யு’ வகை டிராக்டரில் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் காற்றடைத்த ரப்பர் டயர்களைப் பொருத்திச் சோதித்தது. குறைந்த காற்றழுத்தத்தில் டயர் தட்டையாகப் படிந்து மண்ணைப் பரந்த அளவில் தொட்டது, வண்டி இலகுவாக உருண்டது, எரிபொருள் மிச்சமாயிற்று. வயலில் உழுத வண்டியே சந்தைக்கும் சரக்கேற்றிச் செல்ல முடிந்தது. இரண்டாம் உலகப் போரின் ரப்பர் தட்டுப்பாடு சிலகாலம் இரும்புச் சக்கரத்தை மீட்டுக்கொண்டு வந்தபோதிலும், மாற்றத்தின் திசை மாறவில்லை.

ஆனால் ரப்பர் ஒரு புதிய சிக்கலையும் உடன் கொணர்ந்தது. பற்கள் நீங்கியதால், சக்கரத்தின் பிடிப்பு முன்னிலும் பெரிதாக அதன்மீது அழுந்தும் எடையைச் சார்ந்ததாயிற்று. கலப்பை ஆழ இறங்கும்போது எடை போதாவிடில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், டீசல் எரியும், டயர் தேயும், வண்டி நகராது. ஓரளவு வழுக்கல் இயல்பானது. உழவின்போது அது ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு வரை இருப்பதே உகந்ததெனப் பொறியாளர்கள் கருதுகின்றனர். அதற்கு மேல் சென்றால் ஆற்றல் வீண். அதற்கு மிகவும் கீழே சென்றால் வண்டி தேவையற்ற சுமையைச் சுமக்கிறது என்று பொருள்.

இச்சிக்கலுக்கு வார்ப்பிரும்பு வட்டுகள் ஒரு தீர்வு. நீர் அதனினும் மலிவான தீர்வு. சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, வால்வு மேற்புறம் வருமாறு திருப்பி, அதன் உள்ளூசியைக் கழற்றிக் குழாய் வழியே நீரைச் செலுத்துவர். வால்வின் மட்டத்தை நீர் எட்டும்போது டயரின் உட்கொள்ளளவில் ஏறத்தாழ 75 விழுக்காடு நிரம்பியிருக்கும். எஞ்சிய இடத்தில் காற்றடைக்கப்படும். அக்காற்றே அதிர்வைத் தாங்கும் மெத்தை. நடுத்தர டிராக்டரின் ஒரு பின்டயரில் 150 லிட்டர் அளவுக்கு நீர் கொள்ளும். இரண்டு டயர்களும் சேர்ந்து 300 கிலோ. 2 டன்னுக்கும் குறைவான வண்டிக்கு இது சிறிய சேர்க்கையன்று.

குளிர்நாடுகளில் இந்நீர் உறைந்துவிடும். எனவே அங்கு கால்சியம் குளோரைடு கரைக்கப்பட்டது. அக்கரைசல் உறைநிலையைத் தாழ்த்தியது. வெறும் நீரைவிடக் கூடுதல் எடையும் தந்தது. விலையாக அது சக்கரத்தின் இரும்பு வளையத்தை அரித்தது. டயர் பஞ்சராகிக் கரைசல் கசிந்த இடத்தில் பயிரைக் கருக்கியது. இந்தியச் சமவெளிகளில் உறைபனி பெருஞ்சிக்கலன்று என்பதால் வெறும் நீரே போதுமாயிற்று. கிணற்றடியிலோ பம்ப்செட் அருகிலோ செலவின்றி முடிக்கத்தக்க வேலையாக இது அமைந்தது.

எனினும் இந்தியாவின் டிராக்டர் வரலாறு நீரடைத்த டயரோடு தொடங்கவில்லை. விடுதலையை ஒட்டி அமைக்கப்பட்ட மத்திய டிராக்டர் நிறுவனம், மத்திய இந்தியாவில் கான்ஸ் என்னும் நாணல் வகைப் புல் வேரோடிய நிலங்களை மீட்கச் சங்கிலிப்பட்டை டிராக்டர்களையே பெரிதும் நம்பியது. அப்பணிக்கான இயந்திரங்களுக்காக 1949இல் உலக வங்கி 1 கோடி டாலர் கடன் வழங்கியது. தம் எடையை நீண்ட பட்டைகளில் பரப்பிச் செல்லும் அவ்வண்டிகளின் உரிமையாளர் அரசே. 1959இல் ஃபரிதாபாத்தில் ஐஷர், 1960களில் சென்னையில் டாஃபே, 1971இல் பிஞ்சோரில் எச்.எம்.டி., 1974இல் பஞ்சாபில் ஸ்வராஜ் என உள்நாட்டு உற்பத்தி விரிந்தபோது, உழவு இயந்திரம் தனியுடைமையான சிறு சக்கர வண்டியாயிற்று. அதன் எடையைத் தீர்மானிக்கும் பொறுப்பும் அரசிடமிருந்து உழவரிடம் வந்து சேர்ந்தது.

மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனத்தின் அறிக்கைகள் இங்கு முக்கியமான சான்றுகளாகின்றன. இழுவைச் சோதனை கூடுதல் பாரம் ஏற்றியும் ஏற்றாமலும் நடத்தப்படுவது அங்குள்ள முறை. ஒரே வண்டி, ஒரே எஞ்சின். எடை மாறியதும் இழுவைத்திறன் மாறுகிறது. விளம்பரங்களில் முதன்மை பெறும் குதிரைத்திறன் ஒரு முழுமையற்ற எண் என்பதை இவ்வறிக்கைகள் காட்டுகின்றன. மண்ணை எட்டும் ஆற்றலை எஞ்சின் மட்டும் முடிவு செய்வதில்லை. டயருக்குள் இருக்கும் நீரும் முடிவு செய்கிறது.

நிரப்புவது எளிது, வெளியேற்றுவதோ நேரம் தின்னும் வேலை. ஆகவே ஆழ உழவுக்காக நிரப்பிய நீர், விதைப்பிலும் சாலைப் பயணத்திலும் ஆண்டு முழுவதும் தங்கிவிடுவதுண்டு. அங்கேதான் அதன் மறைவான செலவு தொடங்குகிறது. மேல்மண்ணின் இறுக்கத்தைப் பெரிதும் முடிவு செய்வது டயரின் அழுத்தம். அடிமண்ணின் இறுக்கத்தைப் பெரிதும் முடிவு செய்வது அச்சின்மீதான மொத்தச் சுமை. மேல்மண்ணை அடுத்த உழவு தளர்த்திவிடும். கலப்பை எட்டாத ஆழத்தில் இறுகிய மண் பல்லாண்டுகள் அப்படியே கிடக்கும். வேரையும் நீரையும் அது தடுக்கும். நெல்லுக்குச் சேறடித்து, பின் கோதுமைக்கு உழும் வடமேற்கு இந்திய வயல்களில் சேற்றுழவால் ஏற்கெனவே கடினத்தட்டு உருவாகியிருக்கும். கூடுதல் எடை அந்நிலையை மேலும் மோசமாக்கவே செய்யும்.

உயிராபத்தும் இதில் உண்டு. பின்சக்கரத்தில் நீர் இருந்தால் வண்டி கவிழாது என்பது தவறான நம்பிக்கை. பக்கவாட்டு உறுதி சற்றுக் கூடும். ஆயினும் அந்த எடை பின் அச்சைச் சுற்றியே இருப்பதால், முன்புறம் மேலெழுந்து வண்டி பின்னோக்கிப் புரள்வதை அது தடுப்பதில்லை. மாறாக, முன்பு பெருஞ்சுமையில் வழுக்கி நின்றிருக்கக்கூடிய சக்கரம் இப்போது வழுக்காது, முன்சக்கரங்கள் எழும்பும். கரும்போ செங்கல்லோ ஏற்றிய டிரெய்லருடன் மேட்டில் ஏறும் வண்டிக்கு முன்புறப் பாரமே காப்பு.

காவிரிக் கழிமுகத்தின் நெல்வயல் இவ்வரலாற்றுக்கு எதிர்ச்சான்றாக நிற்கிறது. சேற்றில் எடை கூடினால் வண்டி புதையும். அங்கு பயன்படும் கேஜ் வீல் என்னும் இரும்புக்கூண்டுச் சக்கரம், ரப்பர் வெளியேற்றிய பழைய இரும்புப் பற்களின் மறுபிறப்பேயாகும். பழைய தொழில்நுட்பத்தைப் புதியது முற்றாக அகற்றிவிடுவதில்லை. மண் கேட்கும் இடத்தில் பழையது மீண்டு வருகிறது.

மாட்டிலிருந்து இயந்திரத்துக்கு மாறிய உழவின் வரலாற்றை விற்பனை எண்ணிக்கையாலும் குதிரைத்திறனாலும் மட்டும் எழுதினால், அது எஞ்சினின் வரலாறாகவே நின்றுவிடும். நிலத்தின் மீது எவ்வளவு எடை ஏற்றப்பட்டது, அதனை யார் முடிவு செய்தார், அதன் பலன் யாருக்குச் சென்றது, அதன் சுமை எந்த ஆழத்தில் தங்கியது என்னும் கேள்விகளையும் சேர்த்துக் கேட்கும்போதே அது மண்ணின் வரலாறாகும்.