கட்டடம் நிற்க மனை வேண்டும்



கோவில்பதாகையில் நடக்கும் இந்த நினைவுப் பேருரைக்கு மவுண்ட் ரோட்டில் உள்ள ஒரு பழைய கடைக் கட்டடத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. ஒரு நகரம் எதையெல்லாம் தன் மரபு என்று எண்ணுகிறது, யாரை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறது என்பது நம் வரலாற்றின் மையக் கேள்வி. அதை ஒரு கட்டடத்தின் முன்னால் நின்று கேட்டால் தெளிவாக விளங்கும்.

அண்ணா சாலையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சேரும் முனையில் இருப்பது பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 1897இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற ஆங்கிலேய மருந்து வணிக நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. கார்டில் கட்டடம் என்பது அதன் முதல் பெயர். தூபிகள், குவிமாடங்கள், வளைவுகள் என்று இந்தோ-சாரசனிக் பாணியில் அமைந்தது. 1934இல் பாரத் இன்சூரன்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபோது எல்.ஐ.சி.க்கு வந்து சேர்ந்தது. 2006இல் எல்.ஐ.சி. அதை இடிக்கத் தொடங்கியது. இன்டாக் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் அந்தக் கட்டடம் பாழடைந்தே கிடந்தது என்பது வேறு கதை.

அந்த வழக்கில் பெரிதும் கைகொடுத்தது நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியல். விளம்பரப் பலகைகள் எந்தெந்தக் கட்டடங்களை மறைக்கக் கூடாது என்று முடிவுசெய்ய அமைந்த குழு அது. சென்னையில் 467 கட்டடங்களை அது அடையாளம் காட்டியது. மரபு ஆணையத்துக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்ததே 2012இல்தான். அதுவரை நகரின் பழைய கட்டடங்களுக்கு அந்தப் பட்டியல் ஒரு கேடயமாக இருந்தது. அதை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் இப்படிப்பட்ட பட்டியல்கள் எப்படி உருவாகின்றன என்று பாருங்கள். கட்டிய ஆண்டு, வரைந்தவர், உடைமையாளர், பாணி ஆகியவற்றைக் கேட்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டுமானால் முதலில் ஒரு கட்டடம் நிற்க வேண்டும். கட்டடம் நிற்க மனை வேண்டும். மனை யாருக்கு இருந்தது?

நாம் கூடியிருக்கும் இந்தப் பகுதி அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். சேரியில் குடிசை நின்ற தரைகூட மிராசுதாருக்குச் சொந்தம் என்பதையும், எதிர்த்துப் பேசினால் குடியிருப்பை விட்டே விரட்டும் ஆயுதமாக அது பயன்பட்டதையும் அந்த அறிக்கை அரசின் முன் வைத்தது. அதன் விளைவாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. கார்டில் கட்டடம் எழுந்தது அதற்கு ஐந்தே ஆண்டுகள் கழித்து. நகரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு அரண்மனை எழும்பிய காலத்தில், ஒருநாள் ரயிலடித் தொலைவில் இருந்த சேரிக்காரருக்குக் கால் ஊன்றிய தரை சொந்தமில்லை. அவர் நூறாண்டு நிற்கும் சுவரை எங்கே எழுப்புவார்? தரை உரிமை மறுக்கப்பட்டவரின் பெயர் கட்டடப் பட்டியலில் வராது. பட்டியல் தயாரிப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் வராது.

சுவரை எழுப்பிய கைகளையும் பட்டியல் கேட்பதில்லை. 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்தில் கிராமங்களிலிருந்து சென்னைக்கு வந்து குவிந்தவர்களைக் கொண்டு, நிவாரண வேலையாக, நகருக்குள் பக்கிங்காம் கால்வாய் வெட்டப்பட்டது. பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடைக்காக சிசோம் வரைந்த கட்டடம் அதே மவுண்ட் ரோட்டில் 1879இல் எழுந்தது. சிசோமின் பெயர் நமக்குத் தெரியும். சாந்து அரைத்தவர், செங்கல் சுமந்த பெண், சாரத்தில் ஏறியவர் ஆகியோரின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இனி கார்டில் கட்டடத்துக்குப் பின்பக்கம் வருவோம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை வழியாக நடந்தால் இராயப்பேட்டை. அந்த இராயப்பேட்டையில் 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழும் அங்கிருந்தே வெளிவந்தது; பின்னர் ‘தமிழன்’ என்று பெயர் மாறி 1914இல் அவர் மறையும்வரை தொடர்ந்தது. மருந்துக் கடையின் தூபியும் தமிழனின் அச்சுக்கூடமும் ஒரே காலத்தவை, அண்டை அயலில் இருந்தவை. தூபிக்காக நீதிமன்றம் வரை போனார்கள். அச்சுக்கூடம் இருந்த இடத்துக்காக யார் போனார்கள்? 2023இல் கிண்டியில் பண்டிதருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது, மகிழ்ச்சி. ஆனால் அவர் வாழ்ந்து எழுதிய தெரு கிண்டி அல்ல.

தெரு என்பதே நமக்குப் போராடிப் பெற்ற சொத்து. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவல் நடக்கும் கட்டடம் ஆகியவற்றுக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் செல்லத் தடையில்லை என்று அறிவிக்க வைத்த தீர்மானம் அது. ஆகவே ஒரு பழைய பொதுக் கட்டடத்தின் வாசலைப் பார்க்கும்போது, வளைவின் அழகோடு, இதற்குள் யார் எந்த ஆண்டு முதல் நுழைய முடிந்தது என்றும் கேட்பது நம் கடமை.

புனேயில் இதன் மறுபக்கம் நடந்தது. 1848இல் சாவித்திரிபாய், ஜோதிராவ் புலே இருவரும் பெண்களுக்கான பள்ளி தொடங்கிய இடம் பிடே வாடா. பிற்காலத்தில் அது கடைகள் நிறைந்த கட்டடமாயிற்று. நினைவிடம் அமைக்கக் கையகப்படுத்தும் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2023 நவம்பரில் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. டிசம்பரில் பழைய கட்டடம் இடிக்கப்பட்டது. அங்கே நினைவு வென்றது, சுவர் போயிற்று. சென்னையில் சுவருக்குத் தீர்ப்பு கிடைத்தது, அதில் உழைத்தவர்களின் நினைவு சேரவில்லை. நாம் இரண்டையும் கேட்க வேண்டும்.

மவுண்ட் ரோட்டுக் கட்டடங்கள் வெள்ளைக்காரன் சொத்துதானே, இடிந்தால் நமக்கென்ன என்று சில தோழர்கள் கேட்பதுண்டு. அவை இடிந்தால் அந்த நிலத்தில் எழுவது நமக்கான வீடு அல்ல. நம் முன்னோரின் உழைப்பு தெரியும் கடைசிச் சான்றும் சேர்ந்து போகும், அவ்வளவுதான். ஆகவே அவற்றைக் காக்கும் பக்கத்தில் நாம் நிற்க வேண்டும். நம் கேள்விகளோடு நிற்க வேண்டும். இது புதிய கோரிக்கையும் அல்ல. 1979இல் ஆஸ்திரேலியாவில் உருவான புர்ரா சாசனம் அழகியல், வரலாறு, அறிவியல் ஆகியவற்றோடு சமூக மதிப்பையும் மரபின் அளவுகோலாக வைத்துவிட்டது.

மாணவர்களுக்குச் சில வேலைகள் சொல்லி முடிக்கிறேன். இராயப்பேட்டையில் தமிழன் இதழோடு தொடர்புடைய இடங்களை இதழின் முகவரிகளை வைத்துக் கண்டறியுங்கள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிகளில் நம் மூத்தோர் நடத்திய இரவுப் பள்ளி, படிப்பகம், சங்கக் கூடம் எது எஞ்சியிருந்தாலும் படம் எடுங்கள்; அளவு எடுங்கள்; அங்கே கூடியவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்யுங்கள். ஓலைக் கூரையாக இருந்தாலும், கட்டடமே போய் வெறும் மனையாகக் கிடந்தாலும் பதியுங்கள். பிறகு மரபு ஆணையத்துக்கு மனுக் கொடுங்கள். பட்டியலில் ‘உடைமையாளர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ‘உழைத்தவர்’, ‘கூடியவர்’ என்று இன்னும் இரண்டு கட்டங்கள் வேண்டும் என்று அதில் எழுதுங்கள்.