பூந்தமல்லியும் மேலவளவும்

மாநில உரிமை என்று யாராவது பேச ஆரம்பித்தால் எங்கள் பூந்தமல்லிப் பக்கத்து ஜனங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது தடா கோர்ட்டுதான். ராஜீவ் கொலை வழக்கில் இருபத்தாறு பேருக்கும் தூக்கு என்று 1998 ஜனவரி 28இல் அங்கேதான் தீர்ப்புச் சொன்னார்கள். மூடிய கதவுக்குள் நடந்த விசாரணை அது. 1999இல் உச்ச நீதிமன்றம் பத்தொன்பது பேரை வெளியே விட்டது. இது தடாவில் வருகிற குற்றமே இல்லை என்றும் சொன்னது. ஆனால் தடாவைக் காட்டிப் போலீஸ் அதிகாரி எழுதி வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லுமாம்!

மிச்சமிருந்த ஏழு பேரை வைத்துத்தான் மாநிலம் பெரிசா, மத்தியம் பெரிசா என்கிற வழக்கு வளர்ந்தது. (இப்போது ஒன்றியம் என்கிறார்கள். பேர் மாறினால் சரி.) 2014 பிப்ரவரியில் ஜெயலலிதா அரசு விடுதலையை அறிவித்தது, தில்லி தடை வாங்கியது. சிபிஐ விசாரித்த வழக்கென்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 435ஆம் பிரிவுப்படி அப்போது மத்திய அரசைக் கலந்தாலோசிக்க வேண்டியிருந்தது. கலந்தாலோசிப்பதென்றால் சம்மதம் வாங்குவதுதான் என்று 2015 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

மிஞ்சியது சாசனத்தின் 161ஆம் பிரிவு, ஆளுநரின் மன்னிப்பு அதிகாரம். 2018 செப்டம்பர் 9இல் அமைச்சரவை பரிந்துரை செய்தது. ஆளுநர் இரண்டு வருஷத்துக்கு மேல் கோப்பைக் கிடப்பில் போட்டு, 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவர் பக்கம் தள்ளிவிட்டார். ஆளுநர் தன்னிச்சையாகச் செய்ய ஒன்றுமில்லை என்று அம்பேத்கர் 1949இலேயே அரசியல் நிர்ணய சபையில் விளக்கியிருக்கிறார். அமைச்சரவை சொன்னால் ஆளுநர் கேட்டாக வேண்டும் என்பதை 1980இல் மாரு ராம் வழக்கும் முடித்துவைத்தது. அதையே திரும்பச் சொல்லி 2022 மே 18இல் பேரறிவாளனை விடுதலை செய்ய வேண்டியிருந்தது. நவம்பரில் மற்ற ஆறு பேரும் வந்தார்கள்.

தீர்ப்பு சரிதான். மாநில சுயாட்சி வென்றதென்று இனிப்புக் கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். ஆனால் அந்தக் கோப்பு கிடப்பில் கிடந்த அதே காலத்தில், அதே 161இன்படி, எந்தத் தடங்கலும் இல்லாமல் நகர்ந்த இன்னொரு கோப்பை இவங்க யாரும் பேசறதில்ல. 2019 நவம்பரில் மேலவளவு கொலையாளிகள் பதின்மூன்று பேர் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி வெளியே வந்தார்கள். நன்னடத்தையாம். அதற்கு முன்பே, 2008இல், அண்ணா நூற்றாண்டுக்கு மூன்று பேரை விட்டிருந்தார்கள். அது தி.மு.க. ஆட்சி, இது அ.தி.மு.க. ஆட்சி. இதில் மட்டும் இரண்டு கழகங்களுக்கும் சண்டையில்லை.

முருகேசன் என்ன தப்பு செய்தார்? தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் 1996இல் நின்று தலைவரானார். அந்த ஒதுக்கீட்டுக்கு அடிப்படை 73ஆவது சாசனத் திருத்தம், கொடுத்தது நாடாளுமன்றம். 1997 ஜூன் 30இல் மதுரை கலெக்டர் ஆபீசிலிருந்து பஸ்சில் திரும்பியவரை, உடனிருந்தவர்களோடு வெட்டினார்கள். நாற்காலி தில்லி சட்டத்தில் வந்தது, வெட்டு ஊரில் விழுந்தது, மன்னிப்பு கோட்டையிலிருந்து போனது. மாநிலப் போலீஸ் விசாரித்த வழக்கென்பதால் சிபிஐக்கான அந்த 435ஆம் பிரிவும் குறுக்கே வரவில்லை.

அதனால் தில்லிக்கே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பூந்தமல்லியில் தில்லிச் சட்டம் செய்ததையும் பார்த்துவிட்டோம். ஆனால் சாசனத்தை எழுதியவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். தீண்டாமைக்குத் தண்டனை விதிக்கும் சட்டத்தை மாநிலச் சட்டமன்றம் செய்ய முடியாது, நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும் என்று 35ஆம் பிரிவு சொல்கிறது. உள்ளூர் ஆதிக்கசாதி ஓட்டை நம்பி நிற்கிற சட்டசபையிடம் அதை விடவில்லை. போலீசும் சிறையும் மட்டும் மாநிலப் பட்டியலிலேயே தங்கிவிட்டன.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியிலிருந்து 15அ என்றொரு பிரிவு இருக்கிறது. ஜாமீன், பரோல், விடுதலை, தண்டனை எதைப் பற்றிய நடவடிக்கையானாலும் பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பமோ தன் பேச்சைச் சொல்ல உரிமை உண்டு என்கிறது. அது கோர்ட்டு வாசலோடு நிற்கக் கூடாது. தலித்துகளைக் கொன்றவர்களை விடச் சொல்லும் 161 கோப்பு அமைச்சரவைக்குப் போகும் முன்னால், அந்தச் சேரியில் போய்க் கேட்டு, அவர்கள் சொன்னதை எழுத்தில் இணைத்துத்தான் அனுப்ப வேண்டும். மாநில உரிமை பேசும் தோழர்கள் அடுத்த மாநாட்டுத் தீர்மானத்தில் இதையும் ஒரு வரி சேர்க்கட்டும், பார்க்கலாம்.