மூடாத முக்கோணம்

ஆறாம் வகுப்பில் வாரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் பீரியட். ஒரு கணினிக்கு மூன்று பேர். திரையின் நடுவில் குட்டி முக்கோணம் ஒன்று நிற்கும். அதுதான் ஆமை என்றார்கள், நம்பிக்கொண்டோம். மொழியின் பெயர் லோகோ. 'ஃபார்வர்ட் 100' என்று அடித்தால் ஆமை நூறு எட்டு முன்னால் போகும், போகிற வழியில் கோடு விழும். 'ரைட் 90' என்றால் வலப்பக்கம் திரும்பும்.

சதுரம் வந்துவிட்டது. அடுத்து முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 டிகிரி என்று கணக்கு வகுப்பில் படித்திருந்தேன். 60 திருப்பினேன். மூன்று கோடுகள் வந்தன, முக்கோணம் வரவில்லை. வாய் திறந்த கிண்ணம் மாதிரி ஏதோ ஒன்று நின்றது. "ரெக்கார்டுல இருக்கறத மட்டும் அடிப்பா" என்றார் சார். ரெக்கார்டில் 120 என்று இருந்தது. அடித்தேன், முக்கோணம் வந்தது, சார் கையெழுத்துப் போட்டார். ஏன் 120 என்று நானும் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து சீமோர் பேப்பர்ட் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' (1980) கைக்கு வந்தது. படிக்கப் படிக்க எனக்கு வயிற்றெரிச்சல். நான் அழித்துவிட்டு வந்த கிண்ணம்தான் பாடமே!

பேப்பர்ட் 1928இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர். சின்ன வயதில் கார்களின் பல்சக்கரங்கள் மேல் பைத்தியம். பெருக்கல் வாய்ப்பாட்டையும் பிறகு சமன்பாடுகளையும் சக்கரங்களாக நினைத்துத்தான் புரிந்துகொண்டதாக அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் சொல்கிறார். கணிதம் படித்தபின் ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜேவுடன் வேலை பார்த்தார், அங்கிருந்து எம்.ஐ.டி. போனார்.

1967இல் வாலி ஃபோர்செய்க், சிந்தியா சாலமன், பேப்பர்ட் ஆகியோர் சேர்ந்து லோகோவை உருவாக்கினார்கள். முதல் லோகோவில் ஆமையே கிடையாது, சொற்களையும் வாக்கியங்களையும் வைத்துத்தான் விளையாட்டு. ஆமை பிறகு வந்தது, அதுவும் முதலில் தரையில் ஊர்ந்து கோடு போடும் இயந்திரமாக. 1940களின் கடைசியில் பிரிஸ்டலில் கிரே வால்டர் செய்த இயந்திர ஆமைகள்தான் அதற்கு முன்னோடி.

ஆமை எதற்கு? அதன் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கலாம். எழுந்து நின்று முக்கோணமாக நடந்து பாருங்கள். மூலையில் உடம்பு திரும்புவது உள்கோணத்தின் அளவு அல்ல, வெளிக்கோணத்தின் அளவு. ஒரு சுற்று முடிந்து பழைய திசைக்கே வந்தால் மொத்தம் 360. மூன்று மூலைக்கும் பங்கு போட்டால் 120. அப்படியானால் என் கிண்ணம்? ஆறு மூலைக்கும் 60, அதாவது பாதி அறுகோணம். இன்னும் மூன்று கோடு போட்டிருந்தால் மூடியிருக்கும். ஓர் எட்டு வைத்து ஒரு டிகிரி திரும்பி, இதையே 360 தடவை செய்தால் கண்ணுக்கு வட்டம். மையம், ஆரம், சமன்பாடு எதுவும் தேவையில்லை. நுண்கணிதத்தின் விதை அங்கேயே கிடக்கிறது.

இயற்பியலுக்கும் ஓர் ஆமை வந்தது. எம்.ஐ.டி.யில் ஆண்ட்ரியா டிசெஸ்ஸா உராய்வே இல்லாத உலகத்தில் அதை விட்டார். அதை உதைக்கத்தான் முடியும். ஆமை மேலே போய்க்கொண்டிருக்கிறது, இலக்கோ வலப்பக்கம். பிள்ளைகள் வலப்பக்கம் திருப்பி உதைத்தார்கள். ஆமை சாய்வாகப் போனது. பழைய வேகம் எங்கே போகும்? உதைத்த திசையில்தான் பொருள் போகும் என்ற நம்பிக்கை அரிஸ்டாட்டில் காலத்து நம்பிக்கை. நியூட்டனைப் பாடமாகப் படித்த எம்.ஐ.டி. மாணவி ஒருவரும் அதே மாதிரி உதைத்ததை டிசெஸ்ஸா 1982இல் எழுதினார். பரீட்சையில் பாஸ் செய்த அறிவு கைக்கு வந்து சேரவில்லை.

1980களில் லோகோ பல நாட்டுப் பள்ளிகளுக்குள் போனது. போன இடத்தில் கணிதமாக இல்லாமல் 'கம்ப்யூட்டர்' என்ற தனிப் பாடமாகி, கட்டளைகளை மனப்பாடம் செய்வதில் முடிந்தது. கணினியைப் பள்ளிக்கூடம் இப்படித் தன் வழிக்கு இழுத்துக்கொண்டதைப் பற்றி பேப்பர்ட்டே 1993இல் ஒரு புத்தகத்தில் வருத்தத்தோடு எழுதினார். என் ரெக்கார்டு நோட்டு அந்த வரலாற்றில் ஒரு பக்கம், அவ்வளவுதான்.

இன்று ஜியோஜீப்ரா இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோவில் தொடங்கிய ஃபெட் இருக்கிறது. இரண்டும் இலவசம், இரண்டும் அருமை. ஆனால் ஸ்மார்ட் போர்டில் சார் இழுக்க, நாற்பது பேர் கை கட்டிப் பார்த்தால் அதுவும் சினிமாதான். படம் அசைந்தால் போதாது. நாம் ஒன்றை எதிர்பார்த்து, கை வைத்து, அது பொய்த்துப்போக வேண்டும்.

போன மாசம் அக்கா பொண்ணுக்கு லோகோவைத் திறந்து கொடுத்தேன். அவளும் 60தான் அடித்தாள். நாக்கு நுனி வரை 120 வந்தது, கடித்துக்கொண்டேன். "மாமா, இது ஏன் மூடல?" என்றாள். பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் திரையையே முறைத்தவள், எழுந்து ஹால் தரையில் நடக்க ஆரம்பித்தாள்.