மூன்று வண்டிகள் புகுந்த கானகம்

பொழுது புலரும் வேளை. தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு எல்லையிலுள்ள குரூகர் தேசியப் பூங்காவின் வாயிலில் மோட்டார் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. கோடையில் காலை ஐந்தரை மணிக்கும் குளிர்காலத்தில் ஆறு மணிக்கும் வாயில் திறக்கப்படுகிறது. வழிகாட்டியின்றித் தம் வண்டியைத் தாமே செலுத்தி, தேசப்படமும் தொலைநோக்கியும் துணையாகக் கொண்டு, மக்கள் குடும்பத்தோடு கானகத்துள் புகுகின்றனர். மாணவர்களே, அவர்களோடு நாமும் மனத்தால் ஒருநாள் சென்று வருவோம்.

ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய பெருங்கானகம் இது. தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் செல்லலாகாது. மண்சாலையில் 40 தான். குறிப்பிட்ட இடங்களிலன்றி வண்டியை விட்டு இறங்கவும் கூடாது. காரணம் யாதெனில், சிங்கம் வண்டியையும் அதனுள் இருப்போரையும் ஒரே உருவமாகக் கண்டு பொருட்படுத்தாது போகிறது. ஒருவன் இறங்கிவிட்டாலோ, அவன் தனித்த மனிதனாக அதன் கண்ணுக்குப் புலப்படுவான். மிருகக்காட்சிசாலையில் விலங்குகள் கூண்டுக்குள் இருக்கும். இங்கோ மனிதரே கூண்டுக்குள் இருக்கின்றனர்!

வெயில் ஏறியதும் நீர்நிலையருகே வண்டியை நிறுத்திக் காத்திருத்தல் நன்று. இம்பாலா மான்கள் முதலில் வரும். பின்னர் வரிக்குதிரைகளும், கால்களை அகற்றி வைத்துக் குனிந்து நீர் பருகும் ஒட்டகச்சிவிங்கிகளும் வரும். யானைக் கூட்டம் வந்தால் மற்றவை ஒதுங்கி வழிவிடும். பொறுமையுடையார்க்கே இக்காட்சி கிட்டும்.

இவ்வளவு விலங்குகளும் என்றும் இங்கே நிறைந்திருந்தன என்று எண்ணற்க. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தந்தத்துக்காகவும் தோலுக்காகவும் நடந்த வேட்டையால் இக்காடு வெறுமையுற்றது. யானையும் வெள்ளைக் காண்டாமிருகமும் இப்பகுதியில் இல்லாமலே போயின. 1898ஆம் ஆண்டில் டிரான்ஸ்வால் குடியரசின் தலைவர் பால் குரூகர், சாபி ஆற்றுக்கும் முதலை ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தைக் காப்புநிலமாக அறிவித்தார். அடுத்த ஆண்டே போர் மூண்டது. போர் முடிந்த 1902ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன் என்னும் ஸ்காட்லாந்துப் படை அதிகாரி காப்பாளராக நியமிக்கப்பட்டு, 1946 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

1926ஆம் ஆண்டுச் சட்டத்தால் இக்காப்புநிலம் தேசியப் பூங்காவாயிற்று. மறு ஆண்டு பொதுமக்களுக்கு வாயில் திறந்தபோது, ஆண்டு முழுவதிலும் உள்ளே வந்த மோட்டார் வண்டிகள் மூன்றே! 1928இல் அவை 180 ஆயின. 1929இல் 850 ஆயின. நம் பயணத்துக்கு வித்திட்டவை அம்மூன்று வண்டிகளே எனலாம். 1961 முதல் நேட்டாலிலிருந்து வெள்ளைக் காண்டாமிருகங்களும் கொண்டுவரப்பட்டன.

ஆயின் வரலாறு படிப்போர் விலங்கை மட்டும் கண்டு திரும்புதல் தகாது. பூங்காவின் தலைமை முகாமின் பெயர் ஸ்குகுசா. அது ஸ்டீவன்சன்-ஹாமில்டனுக்கு அப்பகுதி ஆப்பிரிக்க மக்கள் இட்ட பெயர். "துடைத்துப் பெருக்கியவன்" என்பது அதன் பொருள். அவர் வேட்டைக்காரரை மட்டுமா துடைத்தார்? தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடிகளையும் வெளியேற்றினார். நாம் வண்டி நிறுத்தும் நிழல் ஒரு காலத்தில் எவருடைய முற்றமோ!

துயரம் அத்துடன் நிற்கவில்லை. நிறவெறி ஆட்சிக்காலத்தில், 1969இல், வடகோடியில் வாழ்ந்த மகுலேக்கே மக்கள் தம் நிலத்தினின்று அகற்றப்பட்டனர். அந்நிலம் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. நெடுங்காலம் வெள்ளையரல்லாதார் இரவு தங்குவதற்குப் பலூலே என்னும் சிறு முகாம் ஒன்றே இருந்தது. அந்நாட்டில் பல தலைமுறையாக வாழும் தமிழரும் இந்நிறவேற்றுமைக்கு விலக்கல்லர். தேசியப் பூங்கா என்று பெயர். ஆயின் தேசத்து மக்களுட் பெரும்பாலார்க்கு அதில் இடமில்லை.

1994இல் மக்களாட்சி மலர்ந்தது. 1998இல் மகுலேக்கே மக்கள் தம் நிலத்துக்கு மீண்டும் உரிமை பெற்றனர். அவர்கள் செய்தது யாது? காட்டை அழித்து வயலாக்கினார்களா? இல்லை. உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, நிலத்தைப் பூங்காவின் பகுதியாகவே நிலைக்க விட்டனர். அதன் வருவாயில் தம் மக்களுக்குப் பங்கு தேடினர். பறித்தவரைவிடப் பறிகொடுத்தவரே இங்கு உயர்ந்து நிற்கின்றனர்.

இதோ, கதிரவன் சாய்கிறான். வாயில் அடைபடும் முன்னர் நாம் வெளியேற வேண்டும். தாமதித்தால் அபராதம் உண்டு. ஒருநாளில் எத்தனை விலங்கு கண்டோம் என்று குறிப்பேட்டில் எழுதுவது வழக்கம். மாணவர்களே, அக்குறிப்பேட்டின் கடைசி வரியில் இந்நிலத்தில் வாழ்ந்த மனிதரையும் எழுதிக்கொள்ளுங்கள். காட்டைக் காப்பது அறம். அக்காட்டின் மக்களுக்கு நீதி செய்வதும் அறம். இரண்டும் ஒருங்கே நிற்கும்போதுதான் அந்த அறம் முழுமை பெறும்.